பள்ளி மைதானத்தில் எதற்கு ஹெலிகாப்டர்?

போன இதழில் வேறு எதையோ பேசும்போது, அமெரிக்கக் கல்லூரிகள் ஒரு பள்ளிக்கூடப் பையனைத் தங்கள் ஃபுட்பால் அணிக்கு இழுக்க ஹெலிகாப்டரில் ஆள் அனுப்புவார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஹெலிகாப்டர் என்று எழுதியது நிஜமா, இல்லை பேச்சுக்குச் சொன்னதா? ஒரு பையனைப் பார்க்க அவ்வளவு செலவு செய்வார்களா?
(வாசகர், கோவை)

நிஜம்தான். காரணம் ரொம்பச் சாதாரணமானது. அங்கே பள்ளி அணிகள் ஆடுவது வெள்ளிக்கிழமை இரவு, கல்லூரி அணிகள் ஆடுவது சனிக்கிழமை. (ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு மோதி ஆடுவார்களே, அது.) சனிக்கிழமை தன் அணியோடு மைதானத்தில் நிற்க வேண்டிய தலைமைக் கோச்சுக்கு, நூறு மைல் தள்ளி ஏதோ ஒரு சின்ன ஊரில் ஆடும் பையனைப் பார்க்கக் கிடைப்பது வெள்ளி இரவு மூன்று மணி நேரம்தான், அதற்குள் இரண்டு ஊருக்குப் போய்வர வேண்டும் என்றால் சாலையில் முடியாது. அதோடு, ஹெலிகாப்டர் வந்து இறங்கினால் அந்தப் பையனுக்கு மட்டுமில்லை, ஊருக்கே தெரியும். அடுத்த நாள் சலூனிலும் சர்ச்சிலும் அதுதான் பேச்சு. அந்தப் பேச்சுக்காகவும்தான் அந்தச் செலவு.

ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2022 நிதியாண்டில் ஃபுட்பாலுக்கு ஆள் சேர்ப்பதற்கு மட்டும் செலவழித்தது சுமார் 45 லட்சம் டாலர். இதில் கோச்சுகளின் சம்பளம் சேராது, கட்டடம் சேராது, வீரர்களுக்குத் தரும் உதவித்தொகையும் சேராது. போக்குவரத்து, தங்கும் அறை, சாப்பாடு, போன், தபால், இவ்வளவுதான். ஓர் ஆண்டில் ஏறக்குறைய 25 பள்ளிப் பையன்களைச் சேர்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பையனுக்கு 1,80,000 டாலர் ஆகிறது. பையன் கைக்கு ஒரு காசு போகாமலே இவ்வளவு.

பெரிய செலவு எங்கே என்றால் 'அஃபிஷியல் விசிட்'டில். நம் ஊர் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி என்று சொன்னால் சுலபமாகப் புரியும். பையனையும் அவன் பெற்றோரையும் கல்லூரியே தன் செலவில் வரவழைக்கும். இரண்டு நாள் போல வைத்திருக்கலாம். சாப்பாடு, ஹோட்டல், மைதானத்தைச் சுற்றிக் காட்டுவது, அணியின் சட்டையைப் போட்டுவிட்டு ஸ்டூடியோ விளக்கு வைத்துப் படம் எடுப்பது எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் தனி விமானமே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2004இல் மயாமியைச் சேர்ந்த ஒரு பள்ளி வீரர் ஒவ்வொரு கல்லூரியும் தன்னை எப்படிக் கவனித்தது, எத்தனை லாப்ஸ்டர் வந்தது என்று நாளிதழில் டைரி மாதிரிச் சொல்லப்போய் நாடே வாயைப் பிளந்தது. அதே ஆண்டு என்.சி.ஏ.ஏ., அதாவது அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு, பையன்களை அழைத்துவரத் தனி விமானம் கூடாது, சாதாரண வகுப்பு டிக்கெட்தான் எடுக்க வேண்டும் என்று விதி போட்டது. பையனுக்குத்தான் அந்த விதி. கோச் தனி விமானத்தில் போகத் தடையில்லை.

நான் அங்கே மேற்படிப்பு படித்தபோது பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு விருந்து. வழக்கமான பிளாஸ்டிக் தட்டுகளை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, பீங்கான் தட்டும் துணி நாப்கினும் போட்டோம். ஆறடியைத் தாண்டிய ஒரு பையன், கூட அவன் அம்மா. அந்த அம்மா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு ஷூவோடுதான் வந்திருந்தார். தட்டில் இருந்த இறைச்சித் துண்டைப் பாதி வெட்டி, பாதியை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். நான் மேசையைத் துடைக்கப் போனபோது, இதை ஒரு டப்பாவில் போட்டுத் தர முடியுமா, வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். நான் துணைக் கோச் ஒருவரிடம் கேட்டேன். விதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. மீதியைக் குப்பையில் கொட்டியது நான்தான். இந்த விஷயத்தைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கேள்வி: கல்லூரிக் கட்டடத்துக்குள் சறுக்கு மரம், மினி கோல்ஃப் எல்லாம் இருப்பதாகப் படித்தேன். படிக்கிற இடத்தில் இது எதற்கு?
(வாசகி, தஞ்சாவூர்)

நீங்கள் சொல்வது கிளெம்சன் பல்கலைக்கழகம். 2017இல் 5.5 கோடி டாலர் செலவில் திறந்த ஃபுட்பால் வளாகம் அது. ஒரேகான் பல்கலைக்கழகத்தில் நைக்கியின் ஃபில் நைட் தயவில் 2013இல் 6.8 கோடி டாலர் வளாகம், உள்ளேயே முடி வெட்டும் கடை. லூசியானா ஸ்டேட் 2019இல் 2.8 கோடி டாலருக்குப் புதுப்பித்ததில், உடை மாற்றும் அறையில் ஒவ்வொருவருக்கும் படுத்துத் தூங்கும் வசதியோடு ஓர் இருக்கை.

இதெல்லாம் ஏன் என்றால், வீரனுக்குப் பணமாகக் கொடுக்கக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக விதி இருந்தது. கையில் பணம் கோடிக்கணக்கில் இருக்கிறது, யாருக்காக வந்த பணமோ அவனுக்குக் கொடுக்க முடியாது, அப்புறம் அது எங்கேதான் போகும்? சிமெண்டாகப் போகும், பளிங்காகப் போகும், கோச்சின் சம்பளமாகப் போகும். பதினேழு வயதுப் பையன் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு "அப்பா, இங்கேயே சேர்ந்துடலாம்" என்று சொல்ல வேண்டும், கட்டடத்தின் வேலை அதுதான். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில், அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை, ஏதாவது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கோச்சுக்குத்தான்.

விதி எவ்வளவு நுணுக்கமாக இருந்தது என்றால், ஒரு காலத்தில் அணியில் சேர்ந்த வீரர்களுக்கு பேகல் என்ற வட்ட ரொட்டியைச் சிற்றுண்டியாகக் கொடுக்கலாம், அதன்மேல் தடவக் கிரீம் சீஸ் கொடுத்தால் அது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ந்து விதிமீறலாகிவிடும். 2014 ஏப்ரலில் கனெக்டிகட் கூடைப்பந்து அணியின் ஷபாஸ் நேப்பியர், சாம்பியன்ஷிப் ஆடும் நேரத்தில், சில இரவுகள் பசியோடு படுக்கிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதற்கு அடுத்த சில நாட்களிலேயே சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு வீரன் நாடறியப் பசி என்று சொல்ல வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: அப்படியானால் மேசைக்கு அடியில் பணம் போகவே இல்லையா?
(வாசகர், சென்னை)

போகாமல் இருக்குமா? 1929லேயே கார்னகி அறக்கட்டளை ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டு, கல்லூரிகள் ஆள் பிடிக்கின்றன, பணம் கொடுக்கின்றன என்று ஆதாரத்தோடு சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட நூறு வருடமாக எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் இது.

இரண்டு சம்பவம் மட்டும் சொல்கிறேன். டல்லாஸில் இருக்கும் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், அணியின் பணக்கார அபிமானி ஒருவரின் நிதியிலிருந்து 13 வீரர்களுக்கு மொத்தம் 61,000 டாலர் போயிருந்தது. மாதம் 50 டாலரிலிருந்து 725 டாலர் வரை. ஏற்கெனவே தண்டனையில் இருந்த கல்லூரி, கொடுப்பதாகச் சொன்ன பணத்தை நிறுத்தினால் பையன்கள் வாயைத் திறந்துவிடுவார்கள் என்று பயந்து தொடர்ந்து கொடுத்திருக்கிறது. அந்த முடிவில் தனக்கும் பங்கு உண்டு என்று டெக்சாஸ் ஆளுநர் பில் கிளெமென்ட்ஸே பிறகு ஒப்புக்கொண்டார், அவர் முன்பு அந்தக் கல்லூரி நிர்வாகக் குழுவின் தலைவர். 1987இல் அணியின் முழு சீசனையும் என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. அடுத்த ஆண்டும் கல்லூரி அணியை இறக்கவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த அணி எழுந்திருக்கவே இல்லை. ஆனால் பாருங்கள், அதே கல்லூரி 2023இல் பெரிய லீக் ஒன்றில் சேர, ஒன்பது வருடத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரே வாரத்தில் அபிமானிகளிடம் 10 கோடி டாலர் திரட்டியது. 61,000 டாலருக்கு மரண தண்டனை வாங்கிய இடம்.

இன்னொன்று கூடைப்பந்து. 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. சிலரைக் கைது செய்தது. அடிடாஸோடு ஒப்பந்தம் வைத்திருந்த லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பையனை அனுப்ப, அவன் குடும்பத்துக்கு அடிடாஸ் தரப்பிலிருந்து 1,00,000 டாலர் தருவதாகப் பேச்சு. 2018இல் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வழக்கில் ஏமாற்றப்பட்டவர்களாகக் காட்டப்பட்டது பல்கலைக்கழகங்கள். எனக்கு இன்றுவரை அது சரியாகப் படவில்லை.

கேள்வி: இப்போது நேரடியாகவே சம்பளம் கொடுக்கிறார்களாமே, எப்போதிலிருந்து?
(வாசகர், ஜெர்சி சிட்டி)

படிப்படியாக வந்தது. எட் ஓபேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், வீடியோ கேமில் தன்னைப் போலவே ஓர் உருவம் ஆடுவதைப் பார்த்து, எனக்கு ஏன் காசு இல்லை என்று 2009இல் வழக்குப் போட்டார். 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில், படிப்பு சம்பந்தப்பட்ட உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. வரம்பு போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். அடுத்த பத்தாவது நாள், ஜூலை 1, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. என்.ஐ.எல். என்று சொல்வது இதைத்தான்.

விளம்பரம் என்று பெயர், நடந்தது வேறு. ஒவ்வொரு கல்லூரியின் அபிமானிகளும் 'கலெக்டிவ்' என்று ஒரு நிதிக்குழு ஆரம்பித்து, ஊர்த் திருவிழாவுக்கு வரி பிரிப்பது போலப் பணம் பிரித்து, நேராக ஆள் பிடிக்க இறங்கினார்கள். அதே 2021இலிருந்து கல்லூரி மாறும் வீரர் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற கட்டுப்பாடும் தளர்ந்தது. இரண்டும் சேர்ந்ததும், போன வருடம் சேர்த்த பையனை இந்த வருடம் தக்கவைக்கவும் ஆள் பிடிக்கும் செலவு தனியாக வந்துவிட்டது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் அணியில் எல்லோரையும் விலைக்கு வாங்கியது என்று அலபாமா கோச் நிக் சேபன் 2022இல் மேடையிலேயே சொல்ல, ஏ அண்ட் எம் கோச் மறுநாள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினார்.

2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் நஷ்ட ஈடு. அதோடு 2025 ஜூலை முதல், சமரசத்தில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். வருடா வருடம் இது ஏறும். பெரும்பங்கு ஃபுட்பாலுக்கு, அடுத்து ஆண்கள் கூடைப்பந்துக்கு. பெண்கள் அணிகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், அதை எதிர்த்து 2025இல் மேல்முறையீடும் செய்தார்கள். வெளியிலிருந்து வரும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை எல்லாம் ஒரு தனி அமைப்பு சரிபார்க்கும்.

இதை நான் வரவேற்கிறேன், ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். கட்டடத்துக்குப் போனதில் ஒரு பங்கு கட்டடத்தை நிரப்பியவனுக்குப் போகட்டும். ஆனால் என் கவலை வேறு இடத்தில். கல்லூரிக்கு வக்கீல் இருக்கிறார், கோச்சுக்கு ஏஜென்ட் இருக்கிறார், கையெழுத்துப் போடும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? ஜேடன் ரஷாடா என்ற கலிஃபோர்னியா குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஃபுளோரிடா அணியின் அபிமானிகள் தரப்பிலிருந்து 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் ஒப்பந்தம். முதல் தவணை வருவதற்குள்ளேயே ரத்துக் கடிதம் வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளலாம், பணம் வரும் என்று சொல்லித் தன்னைக் கையெழுத்துப் போட வைத்தார்கள் என்று அவர் 2024இல் தலைமைக் கோச் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டார். அதே 2024இல் லாஸ் வேகஸில் யு.என்.எல்.வி. அணியின் குவார்ட்டர்பேக், முதல் மூன்று ஆட்டமும் ஜெயித்த நிலையில், சொன்ன 1,00,000 டாலர் வரவில்லை என்று அணியை விட்டே போய்விட்டார். கல்லூரியோ அப்படி ஒரு வாக்கே இல்லை என்றது. வாய்வார்த்தைதான், காகிதம் கிடையாது.

கேள்வி: இவ்வளவு பணம் யார் கொடுப்பது? எல்லாக் கல்லூரிக்கும் லாபமா?
(வாசகர், திருநெல்வேலி)

தொலைக்காட்சி, டிக்கெட், அபிமானிகளின் நன்கொடை. லாபம் ஒரு சில பெரிய பெயர்களுக்குத்தான். மற்றவை பல்கலைக்கழகத்தின் பொது நிதியிலிருந்தும் மாணவர் கட்டணத்திலிருந்தும் எடுத்துப் போடுகின்றன. ஒரு ஆட்டம்கூடப் பார்க்காத வேதியியல் மாணவியும் தன் கட்டண ரசீதில் விளையாட்டுக்கு என்று ஒரு தொகை கட்டுகிறாள். இது எனக்குப் பிடிக்கவில்லை. கடன் வாங்கிப் படிக்க வந்தவளிடம் கேட்காமலே எடுக்கும் காசு அது. அத்தனையும் யாருக்காக என்று பார்த்தால், கல்லூரி ஃபுட்பால் ஆடுகிறவர்களில் தொழில்முறை அணிக்குப் போவது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு.

கேள்வி: சார், என் மகள் பத்தாம் வகுப்பு, மாநில அளவில் டென்னிஸ் ஆடுகிறாள். அமெரிக்கக் கல்லூரியில் முழு உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார். அங்கே இப்படிப் பணம் கொட்டுகிறது என்றால் எங்களுக்கும் வருமா?
(ஒரு தாய், மதுரை)

அம்மா, வழி இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பயிற்சி எடுத்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். முதல் ஆண்டு இறுதியில் தோற்கடித்தது ஜான் இஸ்னரை. உங்கள் மதுரைப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் ஜார்ஜியா குவின்னெட் என்ற சின்னக் கல்லூரியில் தொடங்கி வேக் ஃபாரஸ்டுக்குப் போனார், அந்த அணி 2025இல் தேசிய சாம்பியன் ஆனது. எடுத்த எடுப்பில் பெரிய பெயர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்பதற்கு அவரே சாட்சி.

ஆனால் டென்னிஸுக்கு ஹெலிகாப்டர் வராது. டென்னிஸ் கோச்சின் பயணப் பணம் ரொம்பச் சின்னது, மதுரைக்கு வந்து பார்க்க மாட்டார். அவர் பார்ப்பது யு.டி.ஆர். எண் (ஆடிய ஆட்டங்களை வைத்துத் திறமையைக் கணக்கிடும் எண்), மேட்ச் வீடியோ, மதிப்பெண், இந்த மூன்றும்தான். அதனால் வீடியோவில் நல்ல ஷாட்டை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். கோர்ட்டின் பின்னால் போனை உயரமாகக் கட்டி வைத்து, முழுசாக ஒரு செட், இரட்டைத் தவறு உட்பட அப்படியே எடுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்குப் பிறகு முதல் பிரிவு, அதாவது என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டக் கல்லூரிகளின் கோச்சுகள் அவளோடு நேரடியாகப் பேசலாம், அதற்கு முன்பே அவள் மின்னஞ்சல் அனுப்பி வைக்கலாம். அவள் எழுதட்டும், நீங்களோ ஏஜென்ட்டோ எழுதினால் கோச்சுக்கு உடனே தெரிந்துவிடும்.

முழு உதவித்தொகை பற்றி: முன்பெல்லாம் முதல் பிரிவுப் பெண்கள் டென்னிஸ் அணிக்கு எட்டு உதவித்தொகை, எட்டும் முழுத்தொகை. ஆண்களுக்கு நாலரையைப் பிய்த்துப் பிய்த்துத் தருவார்கள். 2025 சமரசத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளில் பெண்களுக்கும் பகுதியாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஆகவே "ஸ்காலர்ஷிப் உண்டு" என்று யாராவது சொன்னால் எத்தனை சதவீதம், எத்தனை வருடம், காயம் பட்டால் என்ன, கோச் மாறினால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், எஃப்-1 விசாவில் போகும் மாணவிக்கு அதைத் தொடவே சிக்கல், அங்கே போனதும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முழுத்தொகை வரவில்லை என்றால் இந்த 4 லட்சத்தில் எவ்வளவு திரும்பி வரும்? பதிலை முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். மகளின் ஒரு செட் வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.